நீட்டிய கால்

ஜமீன்தார் திண்டில் சாய்ந்து காலை நீட்டி, இரண்டு வயது வாரிசைக் கணுக்கால்மேல் உட்காரவைத்துச் சபைக்குக் காட்டினார். பிள்ளை அங்கேயே நனைத்துவிட்டது.

போன மாதம் இதே குற்றத்துக்குச் சவுக்கடி வாங்கித்தான் ஆயா கொண்டம்மா செத்தாள். இப்போது புது ஆயா சிவனம்மாளின் முறை.

"பிள்ளைக்கு ஒண்ணுக்குப் போகப் பழக்கத் தெரியாத கழுதை. முப்பது அடி கொடுங்கடா" என்றார் ஜமீன்தார்.

சிவனம்மாள் கும்பிட்டாள். "அறுபதாவே வாங்கிக்கிறேன், எசமான். முதல்ல சின்னவரை மடியில வச்சுக்குங்க. சபை கலையுறதுக்குள்ள மடியை நனைச்சாருன்னா அடிங்க."

ஒரு இளநீரை முழுசாகக் குடித்தும் பிள்ளை மடியில் ஒரு சொட்டு விடவில்லை. மடி மரத்துப்போய், ஜமீன்தார் மறுபடி காலை நீட்டி அதில் உட்காரவைத்தார். உடனே கால் நனைந்தது.

சபையில் பிள்ளை வளர்த்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"நீட்டின கால்ல உட்காரவச்சுத்தான் எந்த வீட்டுலயும் பழக்குவாங்க, எசமான். சின்னவர் சரியாத்தான் பழகியிருக்கார்" என்றாள் சிவனம்மாள்.

ஜமீன்தார் சவுக்கைக் கீழே போடச் சொன்னார். "கெட்டிக்காரிதான். நல்லாப் பழக்கியிருக்கே."

"நான் வந்து பத்து நாள்தான் ஆகுது, எசமான். பழக்கினது கொண்டம்மா."