மலையணிலின் தாடை

"அம்மா, மூணு வருஷத்துல நூத்திப் பதினாலு நூல் படிச்சு முடிச்சுட்டேன். இன்னிக்குச் சாயங்காலக் கூட்டத்துல என்னைப் பேச விடுவீங்களா, இல்ல மூட்டையைக் கட்டட்டுமா?"

கேட்டவர் தாணுமாலயன். முப்பது வருஷம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வயது அறுபத்து மூன்று.

குரு உலகம்மைக்கு நாற்பதுகூட நிரம்பவில்லை. மலையடிவார மடத்தில், வாதாமரத்தின் கீழே உட்கார்ந்திருந்தார்.

"தாராளமாப் பேசலாம், சார்வாள். அதுக்கு முன்னால மெல்லப் படிங்க."

"மெல்லத்தான் படிச்சேன். ஒரு நாளைக்கு இருபது பக்கம். அதுக்கு மேல தொட மாட்டேன்."

உலகம்மை மேலே கை காட்டினார்.

கிளையில் ஒரு மலையணில். அந்த மடத்து மலையணிலைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். உடம்பு வந்து சேர்ந்து கால் மணி நேரம் கழித்துத்தான் வால் வந்து சேரும். உலக்கைக்கே மசியாத வாதாங்கொட்டை ஒன்று அதன் கையில் இருந்தது.

கர் கர் கர். கீழ்த்தாடை முன்னால் வந்து உளி மாதிரி சுரண்டியது.

"என்ன செய்யுது, சார்வாள்?"

"தின்னுது."

"ஒரு துணுக்காவது உள்ள போகுதா?"

போகவில்லை. அத்தனை தூளும் ஆசிரியரின் வழுக்கையில் கொட்டிக்கொண்டிருந்தது.

ஓடு உடைந்தது. அணில் பருப்பைக் கடித்து வாங்கியது. சத்தம் நின்றது. தாடை பின்னுக்குப் போக, கண்ணுக்குக் கீழே கன்னத்துச் சதை ஏறி ஏறி இறங்கியது.

"இப்ப?"

"கடைவாய்ல மெல்லுது. ஆனா கொறிக்கலை. ஏன், ரெண்டையும் சேர்த்துச் செஞ்சா நேரம் மிச்சமாகுமே?"

உலகம்மை ஒரு சீடையை நீட்டினார். "நீங்க செஞ்சு காட்டுங்க."

ஆசிரியர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு தாடையை முன்னால் தள்ளினார். முன்பல்லும் முன்பல்லும் முட்டின. கடைவாயில் சந்து விழுந்தது. பின்னால் இழுத்தார். கடைவாய் சேர்ந்தது, முன்பல் விலகியது. நாலாவது முயற்சியில் சீடை தெறித்து ஓடியது.

"முடியலைம்மா. ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான்."

"அணிலுக்கும் அதே கதைதான்."

ஆசிரியர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"நீங்க சொன்னது... பல்லால மெல்லுற அந்த மெல்லவா?"

"தமிழ் வாத்தியாருக்கு அதையும் நான்தான் பதம் பிரிச்சுச் சொல்லணுமாக்கும். சரி, படிச்சதுல பிடிச்ச வரி ஒண்ணு சொல்லுங்க."

தடங்கலில்லாமல் ஒப்பித்தார்.

"அர்த்தம்?"

"உரையாசிரியர் என்ன சொல்றார்னா..."

"அவர் மென்னதை எனக்கு ஊட்டாதீங்க, சார்வாள்."

சாயங்காலம் கூட்டம் கூடியது. உலகம்மையே ஆசிரியரை மேடையில் உட்கார வைத்தார். அவர் கும்பிட்டார், வாயைத் திறந்தார், அந்த ஒரு வரியைச் சொன்னார். பிறகு மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது.

முன்வரிசையில் இருந்த பூக்காரி பிச்சம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"என்னம்மா, சார் பேச மாட்டாரா?"

"பேசுவார், பேசுவார்," என்றார் உலகம்மை. "இப்பதான் கடைவாய்க்கு வந்திருக்கு."