வாலையும் சேர்த்து எண்ணியவர்

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. பெயர் பார்கவி. கடல் ஆய்வு நிலையத்தில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். சீடர் இஞ்ஞாசிக்கு ஐம்பத்தொன்று. வள்ளத்தில் மீன் பிடித்தவர், இடுப்பு போன பிறகு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இவர்களுக்கு நடுவில் நான், லாசர். நிலையத்தின் படகை ஓட்டுகிறவன்.

வேலை இதுதான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலில் சன்னமான வலையை இழுப்போம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சிகள் அதில் சேரும். மீன்குஞ்சுக்கு அதுதான் சோறு. பூச்சி குறைந்தால் பின்னாலேயே மீனும் குறையும். புட்டியில் மருந்து ஊற்றி வைத்து, தட்டில் கொஞ்சம் எடுத்து, ஒவ்வொன்றாக எண்ணி எழுத வேண்டும்.

பார்கவி மேடம் பாடமெல்லாம் நடத்தவில்லை. "பக்கத்துல உக்காந்து பாருங்கண்ணே" என்றார். இஞ்ஞாசி ஆறு மாதம் பார்த்தார். பிறகு தனியாக எண்ணத் தொடங்கினார். நாலு வருஷம், ஒரு நாள் லீவு கிடையாது. அப்படி ஒரு மனுஷன்.

நாங்கள் திரும்பும்போது கரையில் யாராவது நிற்பார்கள். முக்கால்வாசி நாள் இஞ்ஞாசியின் தம்பி சலேத்து.

"ண்ணே, பூச்சி எப்படி இருக்கு?"

"அப்படியேதாம்ல இருக்கு. கொறையல."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சலேத்துக்குக் கொச்சியில் விசைப்படகு வேலை வந்தது. போகட்டுமா என்று அண்ணனைத்தான் கேட்டான்.

"கடல் நல்லா இருக்கும்போது எதுக்குல ஊர விட்டுப் போற?" என்றார் இஞ்ஞாசி.

அவன் இருந்துவிட்டான். மீன் மட்டும் மாதத்துக்கு மாதம் குறைந்தது. பூச்சி இருக்கிறதென்றால் மீன் எங்கேயோ தள்ளி நிற்கிறது என்று நினைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போனான். ஐப்பசியில் காற்று மாறிய அன்று திரும்பவில்லை.

மூன்றாம் நாள் வடக்கே ஒரு ஊரில் அணியம் ஒதுங்கியது. வள்ளத்தின் முன்மூக்கைத்தான் அப்படிச் சொல்வோம். மறுநாள் அதற்கு அடுத்த ஊரில் பின்பாதி கிடந்தது. ஆள் கிடைக்கவில்லை. கணக்கெடுக்க வந்த அதிகாரி இரண்டு ஊரிலும் விசாரித்து, சேதம் இரண்டு வள்ளம் என்று எழுதினார்.

இஞ்ஞாசிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு இல்ல சார், ஒண்ணு. எந்தம்பி வள்ளம். அணியத்த மட்டும் எண்ணுங்க. ஒரு வள்ளத்துக்கு எத்தன அணியம் சார் இருக்கும்?"

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். அழப்போகிறார் என்று நினைத்து நான் கையைப் பிடித்தேன்.

"லாசரு, வா. ஆபீசுக்குப் போவணும்" என்றார்.

நேராக உள்ளே போய், ஒரு புட்டியைத் திறந்து தட்டில் ஊற்றினார். நுண்ணோக்கியில் வைத்து மேடத்தைக் கூப்பிட்டார்.

"இது எத்தன மேடம்?"

மேடம் குனிந்து பார்த்தார். "ஒண்ணு. உடைஞ்சிருக்கு. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம்."

"வால எண்ணக்கூடாதா?"

"கூடாதுண்ணே. தலை இருந்தாத்தான் கணக்கு."

"நான் ரெண்டுன்னு போட்டேன். நாலு வருசமா."

மேடம் உட்கார்ந்துவிட்டார். "உடைஞ்சது நிறைய வந்துச்சா?"

"மொதல்ல கொஞ்சம். பெறகு எக்கச்சக்கம்."

இனி நான் மறைத்து என்ன ஆகப்போகிறது? வலையை மெதுவாக இழுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே என்று மோட்டாரை முடுக்கிவிடுவேன், நாள் போகப் போக இன்னும் வேகமாக. அந்த வேகத்தில் வலைக்குள் பூச்சி நசுங்கி உடையும். நான் உடைத்தேன், அவர் இரண்டாக எண்ணினார். கடலில் குறையக் குறைய எங்கள் தாளில் மட்டும் குறையவே இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பழைய புட்டிகள் அலமாரியில் இருந்தன. தேதி தெரியாதபடி ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி, இடம் மாற்றி அடுக்க என்னிடம் சொன்னார் மேடம். அவரும் இஞ்ஞாசியும் தனித்தனி அறையில் ஒரே புட்டியை எண்ணினார்கள். ஒத்துவராவிட்டால் சேர்ந்து உட்கார்ந்து, எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. இரண்டு இடத்தில் பிசகியது மேடம்தான். அதையும் எழுதினார்கள். பதினொரு நாள் ஆயிற்று.

கடைசியில் காகிதங்களை உரித்துத் தேதி பார்த்தோம். பூச்சி வருஷா வருஷம் சரிந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இஞ்ஞாசி நகரவில்லை. சலேத்து கொச்சி வேலையைப் பற்றிக் கேட்ட வாரம் அது. அன்று எழுதியது நானூற்றுப் பத்து. இப்போது எண்ணியது இருநூற்று முப்பது.

"அன்னைக்கு நான் இருநூத்து முப்பதுன்னு சொல்லியிருந்தா, அவன் கொச்சிக்குப் போயிருப்பாம்லா?"

இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் மேடம் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"போயிருப்பார்" என்றார் மேடம்.

பிறகு திருத்த அறிக்கையை எழுத உட்கார்ந்தார். தவறு யாருடையது என்று அதில் ஒரு இடம் இருந்தது.

"எம்பேரப் போடுங்க" என்றார் இஞ்ஞாசி.

எட்டிப் பார்த்தேன். முதலில் மேடத்தின் பெயர் இருந்தது. 'வாலை எண்ணக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. எழுதியும் வைக்கவில்லை. நான்கு ஆண்டுகளில் ஒரு புட்டியைக்கூட மறுபடி எண்ணிப் பார்க்கவில்லை.' அதற்குக் கீழே இஞ்ஞாசி. அதற்கும் கீழே நான்.

இஞ்ஞாசி தாளைத் தட்டிவிட்டார். "இத எழுதுனா எந்தம்பி வந்துருவானா?"

"வரமாட்டார்."

"பெறகு எதுக்கு இந்த எழவெல்லாம்? இனிமே நான் சரியா எண்ணி யாருக்கு என்ன ஆவப்போவுது?"

மேடம் குனிந்து தாளை எடுத்தார். தூசியைத் தட்டி மேசையில் வைத்தார்.

"நாளைக்கு வலை போடுற நாள், அண்ணே. கரையில யாராவது நின்னு கேப்பாங்க."