சீர்த்தட்டில் வந்த கரப்பான்

தும்பைமேட்டில் அறிவுக்குப் பஞ்சமே வந்ததில்லை. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் எல்லார் வீட்டிலும் அது பத்திரமாக இருந்தது. அதிலும் சபாபதி, குழந்தைவேலு, ஏகாம்பரம் என்ற மூன்று சகோதரர்கள் வீட்டில் சுற்றிய காகிதத்தைக்கூடப் பிரிக்கவில்லை. மூவரில் கடைக்குட்டி ஏகாம்பரத்துக்கு மட்டும் கல்யாணம் ஆகியிருந்தது. மூத்தவர்கள் இருவருக்கும் ஏன் பெண் கிடைக்கவில்லை என்று கேட்பவர்கள் மேற்கொண்டு படித்துப் பார்க்கலாம்.

ஏகாம்பரத்தின் மனைவி சிந்தாமணி வைகாசியில் வந்தாள். ஆடி பிறந்ததும் வழக்கப்படி ஓடையூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனாள். ஆவணியில் புகுந்த வீட்டார் சீர்த்தட்டுகளோடு போய் அழைத்துவர வேண்டும். ஏகாம்பரம் காலண்டர் எதிரில் உட்கார்ந்து, தாள் தானாகக் கிழிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இல்லாத வீடு அவனுக்குக் கசந்தது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை, பாவம், உண்மையிலேயே கசந்தது.

அந்த நேரத்தில் சிந்தாமணி போன் செய்தாள்.

“ஏங்க, உங்க அடுப்படியில ஒரு கரப்பான் இருக்கே, அது அந்த வீட்டை விட்டுப் போனாத்தான் நான் வருவேன். போயிடுச்சுன்னு சும்மா வாயால சொன்னா நம்ப மாட்டேன். அத்தாட்சி வேணும்.”

ஏகாம்பரம் அழுதுகொண்டே அண்ணன்களிடம் ஓடினான். பெரியவர் சபாபதி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சபையைக் கூட்டினார்.

“முதல்ல காரணம் தெரியணும். ஒரு விரல் நீளம்கூட இல்லாத ஜந்து. அதுகிட்ட பயப்பட என்ன இருக்கு?”

“கால் ஜாஸ்திண்ணே” என்றான் நடுவுள்ளவன் குழந்தைவேலு.

“இறாலுக்கு அதைவிட ஜாஸ்தி. அதை ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளே?”

“இறால் குழம்புக்குள்ள இருந்துச்சுண்ணே.”

“அப்ப கரப்பானையும் குழம்புக்குள்ள விட்டுப் பார்ப்போமா?” என்றான் ஏகாம்பரம் ஆவலாக.

“வேண்டாம்டா. குழம்புன்னா நாமளும்தான் சாப்பிடணும்.”

“மீசையா இருக்குமோ?” என்றான் குழந்தைவேலு.

சபாபதி தன் மீசையைத் தடவினார். “எனக்கும்தான் இருக்கு. என்னைப் பார்த்து அவ கட்டில் மேல ஏறி நின்னு கத்தலையே?”

“உடம்பு பளபளன்னு இருக்குண்ணே.”

“அவ கட்டுற பட்டு பளபளக்கலையா? அதுவும் ஒரு புழு வாயிலேருந்து வந்ததுதான். தேன்? ஈ கக்கினது. வழிச்சு நக்குறா.”

“பட்டாம்பூச்சி தோள்ல உக்காந்தா சிரிக்கிறா” என்று ஏகாம்பரம் பெருமூச்சு விட்டான். “அதுக்கும் ஆறு கால்தான், மீசையும் இருக்கு. ஆனா கலர் கலரா இருக்கு.”

சபாபதி எழுந்து நின்றுவிட்டார். “புடிச்சேன்டா! கரப்பான்கிட்ட ரெண்டே குறை. ஒண்ணு, கலர் இல்லை. இன்னொண்ணு, சொல்லாம கொள்ளாம வருது.”

உலகத்தில் மெத்தப் படித்தவர்கள் இதற்காகத் தடித்தடிப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார்கள்.

காரணம் தெரிந்ததே தவிர கரப்பான் போகவில்லை. குழந்தைவேலு மளிகைக் கடைக்குப் போய் யோசனை கேட்டான். கடைக்காரர் ஒரு பூச்சி சாக்பீஸை நீட்டி, “வீட்டைச் சுத்திக் கோடு போட்டுடுங்க. தாண்டினா சாவுதான்” என்றார். மூவரும் வீட்டைச் சுற்றி அழகாக ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு உள்ளே நின்று ரசித்தார்கள்.

“அண்ணே” என்றான் குழந்தைவேலு கொஞ்ச நேரம் கழித்து. “தாண்டினா சாவுன்னாரே, அது கரப்பானுக்கு மட்டும்தானா, நமக்குமா?”

“நமக்கு விலக்கு உண்டுன்னு அவர் சொன்னாரா?”

“சொல்லலை.”

“அப்ப நமக்கும்தான்.”

அன்று முதல் மூவரும் வீட்டோடு கிடந்தார்கள். பால்காரர் பால் பாக்கெட்டை எட்டி நின்று வீசினார். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று கோட்டைத் தாண்டி வந்து, கொத்தி, திரும்பவும் தாண்டிப் போனது.

“அண்ணே, கோழி சாகலையே?”

“அதுக்கு விஷயம் தெரியாதுடா, அதான் சாகலை. நமக்குத்தான் தெரிஞ்சு போச்சே.”

ஏகாம்பரத்துக்கு இன்னொரு பயம் வந்தது. “கரப்பான் வெளியே போகணும்னுதானே அவ கேட்டா? கோடு போட்டு நாமளே அதை உள்ளே அடைச்சுட்டோமே!” நல்லவேளையாக ஆடி முடியும்போது ஒரு மழை வந்து கோட்டைக் கழுவிக்கொண்டு போனது. இல்லாவிட்டால் இந்தக் கதை இந்த இடத்திலேயே நின்றிருக்கும்.

மறுநாள் வெல்ல டப்பாவுக்குள் கரப்பான் தானாகவே வந்து மாட்டியது. வெளியே விடப் போன குழந்தைவேலுவின் கையைச் சபாபதி பிடித்துக்கொண்டார்.

“விட்டுட்டு அத்தாட்சிக்கு எங்கடா போவே? ஒரு பொருள் நம்ம வீட்ல இல்லைன்னு எப்படிக் காட்டுறது?”

“எப்படிண்ணே?”

“வேற இடத்துல இருக்குன்னு காட்டணும்.”

அண்ணனின் புத்தியை நினைத்து ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கியது. சீர்த்தட்டுகளை எண்ணிப் பார்த்தால் பத்து இருந்தன. ஒற்றைப்படையில்தான் தட்டு வைக்க வேண்டும். என்ன பொருத்தம்! பதினோராவது தட்டில் வெற்றிலை பரப்பி, கரப்பானுக்கு மஞ்சள் பூசி, முதுகில் குங்குமம் வைத்து, மேலே ஒரு டீ வடிகட்டியைக் கவிழ்த்துப் பட்டுத்துணியால் மூடினார்கள். கலர் குறை தீர்ந்தது.

சொல்லாமல் வரும் குறையையும் விடவில்லை. ஓடையூரில் வேனை விட்டு இறங்கியதும் குழந்தைவேலு தெரு முழுக்கக் கேட்கும்படி, “கரப்பான் வருதுங்கோ! எல்லாரும் தெரிஞ்சுக்குங்கோ!” என்று கத்தினான். மாப்பிள்ளை வீட்டில் இப்படி ஒரு சடங்கு போலிருக்கிறது என்று சம்பந்தி வீட்டார் மரியாதையாகக் கைகூப்பினார்கள்.

“அத்தாட்சி எங்க?” என்றாள் சிந்தாமணி.

ஏகாம்பரம் பட்டுத்துணியை விலக்கி, வடிகட்டியைத் தூக்கினான். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

மஞ்சள் கரப்பான் இறக்கையை விரித்துப் பறந்தது. மாமியார் பலகாரத் தட்டில் கால் வைத்தார். மாமனார் ஜன்னலில் ஏறினார். கூட்டம் முழுவதும் தெருவுக்கு ஓடியது. சிந்தாமணி கையில் இருந்த பெட்டியோடு ஓட்டமாக ஓடி, கதவு திறந்திருந்த வேனுக்குள் பாய்ந்து, “வண்டியை எடுங்க! எடுங்க!” என்று அலறினாள்.

“கூப்பிடக்கூட இல்லை, தானாவே வந்துட்டா!” என்று ஏகாம்பரம் பூரித்துப் போனான். இதைவிடச் சுலபமாக ஓடையூரிலிருந்து எந்த மருமகளும் கிளம்பியதில்லை.

தும்பைமேட்டில் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்த சிந்தாமணி, அடுப்படிச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றாள். அங்கே ஒரு கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது.

“அடேங்கப்பா!” என்றார் சபாபதி. “நமக்கு முன்னாடியே வந்து சேர்ந்துடுச்சே. மஞ்சளையும் கழுவிட்டு வந்திருக்கு பாரு.”

“டிரைவர் மெதுவாப் போனாருண்ணே” என்றான் குழந்தைவேலு.

சிந்தாமணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குத் திரும்பினாள். “நான் எங்கம்மா வீட்டுக்கே போறேன்.” ஏகாம்பரம் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

சபாபதிக்கோ வேறு கவலை. சம்பந்தி வீட்டார் இன்னமும் தெருவிலேயே நிற்பார்களே! உடனே போன் போட்டு, ஸ்பீக்கரிலும் வைத்தார்.

“அம்மா, சபாபதி பேசுறேன். நீங்க தைரியமா உள்ளே போங்க. அது இங்க வந்துடுச்சு. என் கண்ணெதிர்ல இருக்கு.”

மாமியார் நம்பி உள்ளே போனார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி, “ஐயோ! மஞ்சளா! தலைமேல!” என்று ஒரு அலறல் வந்து போன் கீழே விழுந்தது.

சிந்தாமணி கையிலிருந்த பெட்டியை மெல்லக் கீழே வைத்தாள். திரும்பிப் போக இனி இடமில்லை.

மூவரும் சுவரைப் பார்த்தார்கள். காலியாக இருந்தது. சபாபதி நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“மஞ்சளும் பூசிக்கிட்டு, அதுக்குள்ள ஓடையூருக்குப் போயிடுச்சேடா! இப்பதான்டா புரியுது, ஜனங்க ஏன் இதைப் பார்த்து இப்படிப் பயப்படுறாங்கன்னு!”