தாத்தாவின் பெல்ட்

கோயம்புத்தூர் மில் முதலாளி பொங்கியண்ணனிடம் அவர் தாத்தா ஓட்டிய பழைய ரேஸ் கார் ஒன்று இருந்தது. பொங்கியண்ணன் அதன் இன்ஜினை மட்டும் திருத்தி வேகத்தைக் கூட்டியிருந்தார். விளைவு, போன பந்தயத்தில் மூன்றாவது சுற்றிலேயே விசிறி பெல்ட் வழுக்கி, ரேடியேட்டர் கொதித்து, கார் நின்றுவிட்டது.

கோபமெல்லாம் மெக்கானிக் தெய்வாத்தாள் மேல் பாய்ந்தது. "ஞாயித்துக்கிழமை பத்து சுத்தும் ஓடணும். கொதிச்சா உனக்கு வேலையில்ல. ஆனா தாத்தா காலத்துச் சாமான் ஒண்ணையும் மாத்தக் கூடாது!"

"இன்ஜினுக்குப் பலம் கூடிருச்சுங்க. இந்த ஒல்லி பெல்ட் தாங்காதுங்க."

"எங்க தாத்தா சாமான் எதையும் தாங்கும்!"

பட்டறைச் சுவரோரம் தாத்தாவின் நினைவுப் பொருட்களை வைத்திருந்த கண்ணாடி அலமாரியைத் தெய்வாத்தாள் திறந்து, அவருடைய இடுப்பு பெல்ட்டை எடுத்து நீட்டினாள். "அப்ப இதைக் கட்டிட்டுக் காரை ஒரு தள்ளு தள்ளுங்க. தாங்குச்சுன்னா நான் ஒண்ணையும் மாத்தலீங்க."

பட்டறையே வேடிக்கை பார்த்தது. முதலாளி தன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக் கடைசி ஓட்டையில் அதை மாட்டினார். குனிந்து தள்ளினார். 'பட்'டென்று அறுந்தது. காரை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்காவது பிடிச்சுக்கக் கை இருக்குங்க. இன்ஜினுக்கு ஏதுங்க கை?"

முதலில் சிரித்தவர் முதலாளிதான். அன்றே அகலமான பெல்ட்டும் பெரிய ரேடியேட்டரும் வந்து இறங்கின.

ஞாயிற்றுக்கிழமை பத்து சுற்றும் ஓடியது கார். துளி ஆவி கிளம்பவில்லை.

"எல்லாம் எங்க தாத்தா ஆசி!" என்று பத்திரிகைக்காரர்களிடம் மார்தட்டினார் முதலாளி.

"ஆமாங்க," என்றாள் தெய்வாத்தாள், கிரீஸ் கையைத் துடைத்தபடி. "மூணு நாளா எம்பக்கத்துலயே நின்னு போல்ட்டு முடுக்குனாருங்க."