முதுகில் அரிசி சுமந்த புழு

"கொல்லக் கொல்லப் பெருகுதும்மா" என்றார் குழந்தைவேலு. ஓடி வந்த மூச்சிரைப்புகூட இன்னும் அடங்கவில்லை.

மங்கையர்க்கரசி தன் புடலம்பிஞ்சு வளையாமல் நீள அதன் நுனியில் கல் கட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு அறுபத்தாறு வயது, அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் செடிகொடிக்கு ஒன்று என்றால் ஊரே அவளிடம்தான் வந்து நிற்கும். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லித் தொலைக்க மாட்டாள் என்பது ஒன்றுதான் எல்லோருக்கும் குறை.

"என்னங்கய்யா பெருகுது?"

"புழு. பச்சைப் புழு. என் புடலங்கொடியிலே இலையை வெட்டி மடிச்சு, உள்ளே உக்காந்து திங்குது. ஆறு வாரமா தினம் பொறுக்கி மண்ணெண்ணெய்த் தண்ணியிலே போடறேன். மறுநாள் பார்த்தா ரெண்டு பங்கு இருக்கு. இலைகிட்ட காதை வெச்சா மெல்லுற சத்தம் கேக்குதும்மா, சத்தியமா."

"போனாப் போகுது. வேற விதை வாங்கிப் போட்டுக்கலாமே."

அவ்வளவுதான், மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் வீட்டுக்காரி எடுத்து வெச்ச விதைம்மா. அவ போய் ரெண்டு வருஷமாச்சு. மிச்சம் இருந்தது மூணு, முளைச்சது ஒண்ணு. அதிலே விதைக்குன்னு விட்டது ரெண்டே பிஞ்சு. இலை போச்சுன்னா பிஞ்சும் வெம்பிடும். அப்புறம் அவ கை விதைன்னு ஒண்ணு இந்த உலகத்திலேயே இல்லை."

அவள் முடிச்சை இறுக்கினாள்.

"எந்தப் புழுவை முதல்ல கொல்லுவீங்களோ, அதை உயிரோட கொண்டாங்க."

அரை மணியில் இலையோடு கொண்டுவந்தார். விரல் நீளப் புழு. அசையவில்லை. அதன் முதுகு நிறைய அரிசிக் குருணை ஒட்டினாற்போல வெள்ளை வெள்ளையாக என்னவோ இருந்தது.

"ஏன் இது?"

"முட்டையோட நிக்குது பாருங்க! தாயைத் தட்டினா வம்சமே போச்சுல்ல? தேடித் தேடி இதுகளைத்தான் முதல்ல போடுவேன். ஓடவும் ஓடாது."

தன் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அவள் இலையைக் கண்ணாடி பாட்டிலில் இறக்கினாள். பாட்டில் வாயில் மெல்லிய துணி கட்டினாள்.

"தினம் உச்சிவேளைக்கு வந்து பாருங்க. அதுவரைக்கும் உங்க கொடியிலே கை வைக்காதீங்க."

மறுநாள் வந்தார். இலை அப்படியே இருந்தது. புழு ஒரு கடிகூடக் கடிக்கவில்லை. துணியை விலக்கி ஒரு குச்சியை உள்ளே விட்டார்.

சடாரென்று தலையைத் தூக்கிக் குச்சியை அடித்தது புழு.

"யம்மாடி!" என்று கையை உதறினார். பிறகு சிரித்தார். "பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னாங்க!"

அவள் துணியை மறுபடி இழுத்துக் கட்டினாள்.

மூன்றாம் நாள் அதன் உடம்பு வற்றிச் சுருங்கியிருந்தது. குச்சி பட்டதும் தலை எழுந்தது, அடித்தது.

"பாவம், குடிக்கத் தண்ணியாவது வைக்கட்டுமா?"

"வேண்டாங்கய்யா."

ஐந்தாம் நாள். ஒரு காக்கைகூடக் கத்தாத வெயில். பாட்டிலுக்குள்ளே இரைச்சல் கேட்டது.

ஒவ்வொரு குருணைக்கும் மூடி திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. துணியின் அடியில் கொசு அளவில் கறுப்புக் குளவிகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

புழு அதே இடத்தில் நின்றது. வெறும் தோல். வெளிச்சம் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் தெரிந்தது.

குச்சியை நீட்டினார். தலை எழுந்தது.

குழந்தைவேலு குச்சியைக் கீழே போட்டார்.

"இது... அதோட பிள்ளைங்க இல்லியா?"

"இல்லைங்க. எப்பவோ ஒரு குளவி வந்து கொட்டி, இது உடம்புக்குள்ளே முட்டை வெச்சுட்டுப் போயிருக்கு. உள்ளேயிருந்து தின்னுட்டு, வெளிய வந்து முதுகிலே கூடு கட்டிக்கிட்டவங்க இவங்க."

"அப்போ இத்தனை நாளா இது காவல் காத்தது..."

"தன்னைத் தின்னவங்களைத்தான்."

துணிக்கு அடியில் மொய்த்தவற்றைக் குனிந்து பார்த்தார்.

"வெளியே விட்டா இவங்க எங்கே போவாங்க?"

"அடுத்த புழுவைத் தேடி."

அவர் தன் கையைப் பார்த்தார். ஆறு வாரம். குருணை சுமந்த புழுவாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய கை அது. குருணை இல்லாமல் வழவழவென்று ஓடியதை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட கை. என் கொடியை நானே தின்னக் கொடுத்துவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அவள் பாட்டிலை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

"பிஞ்சு ரெண்டும் இன்னும் வெம்பலையில்ல? கொடி அடியிலே கொண்டுபோய்த் துணியை அவிழ்த்து விடுங்க. சீக்கிரம்."

நாலடி நடந்தவர் நின்றார். கண்ணாடியில் விரல் தட்டிவிட்டது போல. உள்ளே அந்தத் தோல் மறுபடி தலையைத் தூக்கி அவரைப் பார்த்து நின்றது.

"எல்லாரும் வெளிய வந்தாச்சு. இது இன்னும் எதுக்கும்மா நிக்குது?"

"ஆறு வாரமா அந்தக் கொடிகிட்டே காவலா நீங்க எதுக்குங்கய்யா நின்னீங்க?"