குளித்துவிட்டு வந்த குட்டி

கண்மாய்க் கரையில் இருந்த பட்டியில் செவலை என்ற செம்மறி ஆடு வாழ்ந்தது. அது ஈன்ற குட்டி பிறந்த அன்றே செத்துப்போனது. அதே பட்டியில் இன்னொரு குட்டி, பாம்பு கடித்துத் தாய் செத்துப்போனதால் பசியில் கத்திக்கொண்டிருந்தது.

ஆட்டுக்காரி ஒச்சம்மாள் ஒரு காரியம் செய்தாள். செவலையின் பாலைப் பீய்ச்சி அந்தக் குட்டியின் உடம்பு முழுக்கத் தடவினாள். தன் வாசனை இல்லாத குட்டியை எந்த ஆடும் மடிப்பக்கம் அண்டவிடாது அல்லவா?

"மோந்து பாருடி! இனி இது ஒம் புள்ளை!" என்றாள்.

செவலை மோந்து பார்த்தது. பிறகு நகராமல் நின்றது. குட்டி முட்டி முட்டிக் குடித்தது. மூன்றே நாளில் துள்ள ஆரம்பித்துவிட்டது.

இதையெல்லாம் புதரிலிருந்து ஒரு நரி பார்த்துக்கொண்டிருந்தது. இளங்கறி என்றால் அதற்கு உயிர்! நாலாம் நாள், மேயவந்த இடத்தில் குட்டியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தது.

"ஐயோ பாவம்! அவ ஒன்னப் பெத்தவ இல்லை. பால் வாசனையைப் பாத்து ஏமாந்து நிக்கிறா!"

"பொய் சொல்றீங்க மாமா!"

"அப்படியா? கண்மாயில குளிச்சிட்டுப் போய் நில்லு. பாசம் இருந்தா சேத்துக்குவா. வெரட்டுனா எங்கிட்ட வா, நான் பாத்துக்கிறேன்!"

நரி பார்த்துக்கொள்ளும் லட்சணம் நமக்குத் தெரியும். பச்சைக் குட்டிக்குத் தெரியுமா? கண்மாயில் இறங்கிச் சேற்றிலும் தண்ணீரிலும் புரண்டு, நடுங்கிக்கொண்டு செவலையிடம் ஓடியது.

செவலை மோந்தது. ஒரே சேற்று நாற்றம்!

"யாரு நீ? தள்ளிப் போ! எங்குட்டி வாசனை எனக்குத் தெரியாதா?" என்று முட்டித் தள்ளியது.

குட்டி அழுதபடி புதரை நோக்கி நடந்தது. நரி பாய்ந்து அதன் காலைக் கவ்வியது.

"அம்மா!"

அந்தக் குரல் கேட்டதும் செவலையின் மடியில் பால் சுரந்தது. இந்தக் குரலைத்தானே மூன்று நாளாகக் கேட்டது! தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தது.

நரி காலை விட்டுவிட்டுக் கத்தியது. "நில்லு! அது ஒங்குட்டியே இல்லை! ஒங்குட்டி செத்துப்போச்சு! இது வேற எவளோ பெத்தது!"

செவலை ஒரு நொடி நின்றது.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்டா!" என்றது. அடுத்த நொடி விலா எலும்பு நொறுங்க ஒரே முட்டு! நரி நொண்டிக்கொண்டே ஊர் எல்லையைத் தாண்டி ஓடியது.

செவலை குட்டியைச் சேறும் சகதியுமாக அப்படியே மடிக்கு இழுத்துக்கொண்டது.

ஒரு பிள்ளை வளர்க்க வளர்க்கத்தான் நம் பிள்ளையாகிறது. அந்த உறவைப் பிரிக்க வருகிறவன் உண்மையையே சொன்னாலும் அதைக் காதில் வாங்கக் கூடாது.