குப்புறக்கிடந்தான் சந்துக்கு வழி

ஒரு கோடியில் காலைக் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பினால் மறு கோடியில் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேரலாம். சிங்காரபுரி அவ்வளவு பெரிய பட்டணம். அதன் ராஜா வீரகேசரி. அவருடைய சபையில் ஊருக்கு வரும் விருந்தாளிகளைக் கவனிக்கும் வேலை உலகளந்தானுக்கு. நாக்கும் மூளையும் ஒன்றையொன்று முந்தும் ஆள். பிரதான மந்திரி வல்லாளருக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

ஒருநாள் கஸ்பார் என்ற பரங்கிப் பயணி வியர்வையும் கோபமுமாகச் சபைக்குள் நுழைந்தார். தமிழைக் கப்பலிலேயே கற்றுக்கொண்டு வந்தவர். கையில் ஒரு தடித்த புத்தகம்.

"அரசே, சுங்கச்சாவடிக்கு வழி கேட்டேன். ஏழு பேர் ஏழு வழி சொன்னார்கள். மூன்று முறை உங்கள் யானைக் கொட்டாரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். மூன்றாம் முறை யானை என்னை அடையாளம் கண்டு தும்பிக்கையைத் தூக்கியது!"

"அப்புறம்?" என்றார் ராஜா.

"என் நாட்டுப் பயணிகளுக்காக இந்தப் புத்தகத்தை எழுதுகிறேன். முதல் பக்கம் இதுதான்: 'சிங்காரபுரிக்காரர்கள் பொய்யர்கள். வழி தெரியாவிட்டாலும் வழி சொல்வார்கள். அங்கே போகாதீர்கள்.' நாளைக்குக் கப்பல் ஏறுகிறேன்."

ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. வல்லாளருக்கு வாய்த்தது வாய்ப்பு.

"விருந்தாளிகளைக் கவனிப்பது யார் வேலை, அரசே? அந்தப் பக்கத்தைப் பரங்கியார் தம் கையாலேயே கிழிக்கும்படி உலகளந்தான் செய்யட்டும். முடியாவிட்டால் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி ஊரைவிட்டு ஓட்டுவோம். கழுதை தயாராக இருக்கிறது."

உண்மையிலேயே வாசலில் ஒரு கழுதை நின்றது. என்ன முன்யோசனை பாருங்கள்!

"அப்படியே ஆகட்டும். நாளை உச்சிவேளை வரை கெடு" என்றார் ராஜா.

உலகளந்தானுக்கு உள்ளுக்குள் கவலைதான். பிறந்து வளர்ந்த ஊரைவிட்டு யாருக்குத்தான் போக மனம் வரும்? வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை கஸ்பாரைத் தேரடிக்கு அழைத்துப் போய், நிழலில் ஒரு முக்காலி போட்டு, கையில் மோர்ச் செம்பைக் கொடுத்தான். "கப்பல் கிளம்பும் வரை இங்கே காற்று வாங்குங்கள்" என்றான். ராஜாவும் வல்லாளரும் மாறுவேடத்தில் தேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். உலகளந்தான் தனக்குத் தெரிந்த சிலரை ஒவ்வொருவராக அனுப்பினான்.

முதலில் மூட்டை சுமந்தபடி ஒருவன் வந்தான். "ஐயா, குப்புறக்கிடந்தான் சந்துக்கு எப்படிப் போகணும்?"

கஸ்பார் நெஞ்சை நிமிர்த்தினார். "எனக்குத் தெரியாது."

தேரடியே திடுக்கிட்டது. பூக்காரி கூடையை வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"தெரியாதுன்னா சொன்னாரு? ஐயோ, உடம்புக்கு என்ன ஆச்சோ!"

"வெயில் தலைக்கு ஏறிடுச்சு. தண்ணி தெளிங்க!"

"சாமி, எந்த ஊரு? கல்யாணம் ஆயிடுச்சா? எத்தனை புள்ளைங்க?"

"எனக்கு ஒன்றும் இல்லை. வழிதான் தெரியாது!" என்று கத்தினார் கஸ்பார்.

"பாருங்க, திரும்பவும் சொல்றாரு!" என்று யாரோ எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் தலையைச் சுற்றினார்கள்.

அடுத்து தலையில் பாயோடு ஒருவன் வந்தான். அதே சந்து. அதே பதில். இந்தத் தடவை வைத்தியரே வந்துவிட்டார். இருவர் கையைப் பிடிக்க, ஒருவர் மூக்கைப் பிடிக்க, வேப்பங்கஷாயம் பரங்கித் தொண்டைக்குள் இறங்கியது. கண்ணில் நீர் முட்டியது.

மூன்றாவதாக ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். புருஷன் தலையில் பெரிய பலாப்பழம்.

"அண்ணா, குப்புறக்கிடந்தான் சந்துல கல்யாணம். முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. நீங்கதான் வழி சொல்லணும்" என்றாள் அவள்.

அண்ணா! கஸ்பார் அவள் முகத்தைப் பார்த்தார். வைத்தியர் கஷாயச் செம்பின் மூடியைத் திறப்பதையும் பார்த்தார்.

"நேராப் போங்க, தங்கச்சி. ஒரு புளியமரம் வரும். இடது கைப் பக்கம் திரும்பினா யானைக் கொட்டாரம். அங்கே யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

தேரடியே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. "தெளிஞ்சிடுச்சு!" என்று பூக்காரி ஒரு முழம் பூவை அவர் தொப்பியில் சுற்றினாள்.

ராஜா வல்லாளரோடு தேருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். "பரங்கியாரே, அந்த வழி உமக்கு நிஜமாகவே தெரியுமா?"

கஸ்பார் தலையைக் குனிந்தார். "தெரியாது அரசே. அவ்வளவு நம்பிக்கையோடு கேட்டவளை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை."

புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தைச் சரக்கென்று கிழித்தார். அடுத்த தாளில் எழுதினார்: 'சிங்காரபுரிக்கு வருகிறவர்களுக்கு: வழி கேட்டால் யாரும் கைவிட மாட்டார்கள். நாலு பேரிடமாவது கேளுங்கள். அவசரமாகக் கிளம்பாதீர்கள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் கோபப்படாதீர்கள். யானையைப் பார்க்காமல் ஊர் திரும்ப முடியாது.'

ராஜாவுக்கு மனம் குளிர்ந்தது. உடனே ஒரு சந்தேகமும் வந்தது.

"அது சரி, இந்தக் குப்புறக்கிடந்தான் சந்து எங்கே இருக்கிறது? நான் கேள்விப்பட்டதே இல்லையே?"

உலகளந்தான் வாயைத் திறப்பதற்குள் வல்லாளர் முந்திக்கொண்டார். "மேற்கு வாசல் தாண்டி மூன்றாவது திருப்பம், அரசே! சின்ன வயதில் அங்கேதான் கோலி விளையாடினேன்."

"அரசே, அப்படி ஒரு சந்தே கிடையாது. இன்று காலை பல் துலக்கும்போது நான் வைத்த பெயர்" என்றான் உலகளந்தான்.

ராஜா சிரித்த சிரிப்பில் ஒட்டுமீசை மோர்ச் செம்பில் விழுந்தது. மாறுவேடத்துக்குள் மறைத்திருந்த தம் முத்துமாலையைக் கழற்றி உலகளந்தான் கழுத்தில் போட்டார். பிறகு மந்திரியின் பக்கம் திரும்பினார்.

"வல்லாளரே, கழுதை தயாராக இருக்கிறது என்றீரே, ஏறும். நீர் கோலி விளையாடிய அந்தச் சந்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டுதான் சபைக்கு வர வேண்டும்."

வல்லாளர் கழுதை ஏறி எட்டு நாள் ஆயிற்று. தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டிருக்கிறார். இதுவரை ஒருவர்கூடத் தெரியாது என்று சொல்லவில்லை.